காணாமல் போன வெளிச்சம்: எரிமலை வாயுவைத் தூரத்திலிருந்து அளப்பது எப்படி?

எரிமலை ஒன்று சீறத் தொடங்கினால் இரண்டே நாளில் ஒரு எண் எல்லா இடத்திலும் சுற்ற ஆரம்பித்துவிடும். நாளொன்றுக்கு இத்தனை ஆயிரம் டன் விஷவாயு என்று. கூடவே ஒரு படமும் வரும், மலை உச்சியிலிருந்து வெள்ளை வெளேரென்று கிளம்பும் புகை, அல்லது ஊதாவும் சிவப்புமாகத் தீட்டிய ஒரு செயற்கைக்கோள் வரைபடம். அப்புறம் ஆளாளுக்குப் பேசுவார்கள். படத்தில் வெள்ளையாகத் தெரிவதுதான் அந்த வாயு என்பார்கள். யாரோ உச்சிக்குப் போய் மீட்டர் வைத்து அளந்துவிட்டு வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். எண் குறைந்துவிட்டால் மலை அடங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். மூன்றும் தவறு, அதிலும் மூன்றாவது உயிருக்கே ஆபத்தான தவறு.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை நிதானமாகப் புரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பள்ளியில் படித்த இயற்பியலே இதற்குப் போதும், ஆனால் அவசரப்படாமல் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும்.

வாயுவை எதற்கு அளக்க வேண்டும்?

பூமிக்கடியில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பை மாக்மா என்கிறோம். ஆழத்தில் அழுத்தம் மிக அதிகம் என்பதால் வாயுக்கள் அதற்குள் கரைந்தே கிடக்கும், மூடி திறக்காத சோடா பாட்டிலில் கரைந்திருப்பதைப் போல. மாக்மா மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது, வாயு குமிழிகளாகப் பிரிகிறது. குமிழிகள் லேசானவை என்பதால் பாறை விரிசல்களில் புகுந்து, மாக்மாவை முந்திக்கொண்டு வெளியே வந்துவிடும். அதாவது கீழே என்ன நடக்கிறது என்ற சேதி, குழம்பு வருவதற்கு முன்பே வாயுவாக நம்மிடம் வந்து சேர்ந்துவிடுகிறது.

இதில் இன்னொரு அழகான விஷயம் உண்டு. எல்லா வாயுவும் ஒரே ஆழத்தில் பிரிவதில்லை. கார்பன் டை ஆக்சைடு பல கிலோமீட்டர் ஆழத்திலேயே பிரியத் தொடங்கிவிடும். சல்ஃபர் டை ஆக்சைடு பெரும்பாலும் மாக்மா மேற்பரப்பை நெருங்கிய பிறகுதான் பிரியும். எனவே ஒரு மலையிலிருந்து வரும் சல்ஃபர் டை ஆக்சைடு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால், புது மாக்மா மேலே வந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது.

கிட்டப் போகாமலே அளப்பது

வாயுவை அளக்க நேரடியான வழி, மலை உச்சியில் உள்ள எரிமலைவாய்ப் பள்ளத்துக்குள் இறங்கி, வாயு சீறும் துளைக்குள் குழாயைச் செருகி, கண்ணாடிக் குடுவையில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதுதான். இன்றும் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் 1993 ஜனவரி 14 அன்று கொலம்பியாவின் கலேராஸ் எரிமலையில் என்ன நடந்தது என்று தெரிந்தால் அந்த வேலையின் விலை புரியும். ஆய்வரங்கு ஒன்றுக்காக வந்திருந்த விஞ்ஞானிகள் பள்ளத்திலும் அதன் விளிம்பிலும் மாதிரி எடுத்து, அளவீடு செய்துகொண்டிருந்தபோது மலை திடீரென வெடித்தது. ஆறு விஞ்ஞானிகளும் மூன்று சுற்றுலாப் பயணிகளும் இறந்தார்கள்.

உயிராபத்து ஒருபுறம் இருக்க, குடுவையால் இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. அந்தத் துளையில் வரும் வாயுவில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று அது சொல்லும். ஒட்டுமொத்த மலையும் ஒரு நாளில் எத்தனை டன் வெளியேற்றுகிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு சொட்டு நீரைச் சோதித்துவிட்டு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று சொல்ல முடியுமா?

அதனால்தான் தொலையுணர்வு. ஒரு பொருளைத் தொடாமல், அதிலிருந்தோ அதைக் கடந்தோ வரும் ஒளியை வைத்து அதைப் பற்றி அறிவதைத்தான் இப்படிச் சொல்கிறோம். சில கிலோமீட்டர் தள்ளி நின்றும் செய்யலாம், சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளிலிருந்தும் செய்யலாம்.

ஏன் எப்போதும் சல்ஃபர் டை ஆக்சைடு?

செய்திகளில் வரும் டன் கணக்கு பெரும்பாலும் சல்ஃபர் டை ஆக்சைடின் கணக்கு. அதற்காக எரிமலை அதைத்தான் அதிகம் வெளியிடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான எரிமலைகளில் வெளியேறும் வாயுவில் மிக அதிகம் இருப்பது நீராவி, அடுத்து பொதுவாக கார்பன் டை ஆக்சைடு. வெள்ளையாகத் தெரியும் புகை, நீராவி குளிர்ந்து உருவான நுண்துளிகள், மேகத்தின் சொந்தக்காரன். சாம்பல் நிறத்தில் வந்தால் அது பாறைத்தூள். சல்ஃபர் டை ஆக்சைடோ நிறமே இல்லாத வாயு, படத்தில் அது தெரியாது. வெள்ளைப் புகை அடர்த்தியாக இருக்கும் நாளில் சல்ஃபர் டை ஆக்சைடு குறைவாகவும், புகையே தெரியாத வறண்ட நாளில் அது ஏராளமாகவும் இருக்கலாம். படத்தைப் பார்த்து வாயு அளவைச் சொல்வது சரிவராது என்பது இதனால்தான்.

பின் ஏன் அதைப் பிடித்துக்கொண்டார்கள்? பின்னணிதான் காரணம். பெரிய திருவிழாக் கூட்டத்தில் வெள்ளைச் சட்டை போட்ட பத்துப் பேர் புதிதாக வந்து சேர்ந்தால் எண்ணிச் சொல்ல முடியாது, ஆளில்லாத மைதானத்தில் ஒருவர் நடந்து வந்தாலே தெரிந்துவிடும். காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏற்கெனவே பத்து லட்சத்தில் 420 பங்குக்கு மேல் இருக்கிறது, நீராவியைக் கேட்கவே வேண்டாம். எரிமலை சேர்ப்பது அந்தக் கூட்டத்தில் கரைந்துவிடும். சுத்தமான காற்றில் சல்ஃபர் டை ஆக்சைடு கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம், அதனால் மலையிலிருந்து கொஞ்சம் வந்தாலும் தனித்துத் தெரியும். அதோடு, சூரிய ஒளியில் தானாகவே கிடைக்கும் புற ஊதாக் கதிரை அது வலுவாக விழுங்குகிறது. விளக்கு எதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, வானமே விளக்கு.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: வாயு, மாக்மாவின் முன்தூது. அதைப் பக்கத்தில் போய் அளப்பது ஆபத்து, முழு அளவும் கிடைக்காது. தூரத்திலிருந்து அளக்க வசதியானது சல்ஃபர் டை ஆக்சைடு, ஏனென்றால் சுற்றியுள்ள காற்றில் அது இல்லை, புற ஊதாவில் அது பளிச்சென்று அகப்படும்.

கருவி வாயுவைப் பார்ப்பதில்லை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: கருவி அளப்பது வாயுவை அல்ல, காணாமல் போன வெளிச்சத்தை. மற்றதெல்லாம் கணக்கு.

ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் நீல மை ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இன்னும் இரண்டு சொட்டு விட்டால் இன்னும் இருளும். எவ்வளவு இருண்டிருக்கிறது என்று பார்த்து எத்தனை சொட்டு விழுந்திருக்கிறது என்று சொல்லலாம், தம்ளரைத் தொடவே வேண்டாம். இங்கே மை, சல்ஃபர் டை ஆக்சைடு. வெளிச்சம், வானத்திலிருந்து வரும் புற ஊதா. இப்படி ஒளியின் ஒரு பகுதியை ஒரு பொருள் எடுத்துக்கொள்வதற்கு உட்கவர்தல் என்று பெயர்.

இருள்வதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. மையின் ஒரு படலம் ஒளியில் பாதியை எடுத்துக்கொள்கிறது என்றால், அதே போன்ற இரண்டாவது படலம் மீதி இருப்பதில் பாதியை எடுக்கும். 100 என்பது 50 ஆகும், பிறகு 25 ஆகும், பிறகு 12.5. ஒவ்வொரு படலமும் எடுப்பது ஒரே விகிதம். பியர்-லாம்பர்ட் விதி என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். எவ்வளவு ஒளி புறப்பட்டது, எவ்வளவு வந்து சேர்ந்தது என்று தெரிந்தால் நடுவில் எத்தனை படலம் இருந்தது என்று திரும்பக் கணக்கிடலாம்.

ஆனால் வானம் ஆய்வகம் இல்லையே. ஒளி குறைந்ததற்குத் தூசி காரணமாக இருக்கலாம், மேகமாக இருக்கலாம், ஓசோனாக இருக்கலாம், சூரியன் சாய்ந்ததாகக்கூட இருக்கலாம். இருண்டிருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு வாயுவைக் குற்றம்சாட்ட முடியாது. குற்றவாளியின் கைரேகை வேண்டும்.

கைரேகையும் வேகத்தடையும்

ஒளியை அதன் அலைநீளங்களாகப் பிரித்து வரிசையாகப் பரப்பினால் கிடைப்பது நிறமாலை, வானவில் மாதிரி. அப்படிப் பிரித்து ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி இருக்கிறது என்று அளக்கும் கருவிக்கு நிறமாலைமானி என்று பெயர். நம் கண்ணுக்குத் தெரிவது ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. நமக்கு வேண்டிய இடம் அதற்குக் கீழே, 300 முதல் 330 நானோமீட்டர் வரை உள்ள புற ஊதாப் பகுதி. இன்னும் கீழே போனால் ஓசோன் படலம் ஒளியை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும், அளக்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

இந்தக் குறுகிய பகுதியில் சல்ஃபர் டை ஆக்சைடு ஒளியைச் சீராக விழுங்குவதில்லை. ஓர் அலைநீளத்தில் நிறைய, அடுத்ததில் கொஞ்சம், மறுபடியும் நிறைய, மறுபடியும் கொஞ்சம் என்று ஏறத்தாழ 2 நானோமீட்டருக்கு ஒரு முறை ஏறி இறங்கும் பற்களைப் போன்ற வடிவம் அது. ஒரு சீப்பின் நிழல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு எந்த வாயுவும் இதே சீப்பை இதே இடத்தில் விழவைக்காது.

இனி அந்தத் தூசி, மேகப் பிரச்சினைக்கு வருவோம். ஒரு மலைப்பாதையில் வண்டியில் போகிறீர்கள். பாதை மெல்ல ஏறுகிறது, மெல்ல இறங்குகிறது, நடுநடுவே வேகத்தடைகள் இருக்கின்றன. பாதை எவ்வளவு உயரத்தில் போகிறது என்பதைக் கண்டுகொள்ளாமல் தூக்கித் தூக்கிப் போடும் குலுக்கலை மட்டும் எண்ணினாலே எத்தனை வேகத்தடை என்று தெரிந்துவிடும், இல்லையா? தூசியும் மேகமும் காற்றும் ஒளியைக் குறைப்பது அந்த மலைப்பாதை மாதிரி, அலைநீளம் மாற மாற மெதுவாகவே மாறும். வாயு குறைப்பது வேகத்தடை மாதிரி, சட்டென ஏறி இறங்கும். மெதுவான மாற்றத்தைக் கழித்துவிட்டு வேகமான ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் இந்த முறைக்கு வேறுபாட்டு ஒளி உட்கவர் நிறமாலையியல் என்று நீளமான பெயர். துறையில் இருப்பவர்கள் டோஆஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள், நாமும் அப்படியே சொல்லலாம். 1970-களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் உல்ரிச் பிளாட் முதலானவர்கள் காற்று மாசு ஆய்வுக்காக உருவாக்கிய முறை இது.

நடைமுறையில் முதலில் வாயு இல்லாத சுத்தமான வானத்தைப் பார்த்து ஒரு நிறமாலை எடுப்பார்கள். பிறகு வாயுத்திரளுக்குக் கீழே வந்து இன்னொன்று. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் சூரிய ஒளிக்கே சொந்தமான கோடுகளெல்லாம் அடிபட்டுப் போகும். மிஞ்சுவதில் அந்தச் சீப்பு தெரிகிறதா என்று பார்த்து, ஆய்வகத்தில் ஏற்கெனவே துல்லியமாக அளந்து வைத்திருக்கும் சல்ஃபர் டை ஆக்சைடின் வடிவத்தை எத்தனை மடங்கு பெருக்கினால் இதற்குப் பொருந்தும் என்று கணினி தேடும். அந்த மடங்குதான் விடை.

ஒரு மில்லிமீட்டர் வாயு

எதற்கான விடை? இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். கருவிக்குத் தெரிவது ஒளி வந்த பாதையில் குறுக்கிட்ட மொத்த வாயு. அந்தத் திரள் மெல்லியதாகவும் அடர்த்தியாகவும் இருந்ததா, தடிமனாகவும் நீர்த்தும் இருந்ததா என்று அதற்குத் தெரியாது, இரண்டுக்கும் ஒரே விடைதான் வரும். இதைப் பாதைத் தொகை என்று வைத்துக்கொள்வோம். இதன் வழக்கமான அலகு பிபிஎம்-மீட்டர், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வாயு ஒரு மீட்டர் தூரத்துக்கு இருந்தால் 1 பிபிஎம்-மீட்டர்.

அலகு பயமுறுத்தினால் இப்படி நினைத்துப் பாருங்கள். பாதையில் கலந்திருக்கும் வாயுவை மட்டும் பிரித்தெடுத்து, சுத்தமான ஒரு படலமாக அடுக்கினால் எவ்வளவு தடிமன் இருக்கும்? 1,000 பிபிஎம்-மீட்டர் என்றால் 1 மில்லிமீட்டர். வானத்தையே மறைக்கும் அளவுக்குப் பெரிய திரளில், பல நேரங்களில் நாம் தேடும் வாயு நகத்தின் தடிமன்தான். அதை நிலத்திலிருந்தே ஒளியை வைத்து அளந்துவிட முடிகிறது என்பதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தடிமனிலிருந்து டன்னுக்கு

ஒரு பாலத்தில் நின்று ஆற்றைப் பார்க்கிறீர்கள். ஒரு நொடிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று சொல்ல வேண்டும். ஆற்றின் குறுக்குவெட்டுப் பரப்பையும் நீர் ஓடும் வேகத்தையும் பெருக்கினால் போதும். காற்றில் மிதந்து போகும் வாயுத்திரளும் ஒரு ஆறுதான், வானத்தில் ஓடும் ஆறு.

குறுக்குவெட்டை எடுக்கப் பழைய வழி, மேல்நோக்கிப் பார்க்கும் சிறு தொலைநோக்கியை வண்டியின் கூரையில் பொருத்தி, ஒளியிழை வழியாக உள்ளே உள்ள நிறமாலைமானியோடு இணைத்து, திரளுக்கு அடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓட்டிப் போவது. சாலை இல்லாத இடத்தில் படகு, விமானம். போகப்போகப் பாதைத் தொகை பூஜ்யத்திலிருந்து ஏறி, நடுவில் உச்சம் தொட்டு, மறுபடியும் பூஜ்யத்துக்கு இறங்கும். அத்தனையையும் கூட்டினால் குறுக்குவெட்டில் உள்ள மொத்த வாயு.

சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். திரளின் அகலம் 1 கிலோமீட்டர், சராசரிப் பாதைத் தொகை 500 பிபிஎம்-மீட்டர், அதாவது அரை மில்லிமீட்டர் படலம். சாதாரண வெப்பநிலையில் அப்படி ஒரு சதுர மீட்டர் படலத்தின் எடை ஏறத்தாழ 1.3 கிராம். 1,000 மீட்டர் அகலத்துக்கு 1.3 கிலோ, இது காற்றோட்டத்தின் திசையில் ஒரு மீட்டர் நீளத்தில் உள்ள வாயு. காற்று நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசினால் நொடிக்கு 13 கிலோ நம்மைக் கடக்கிறது. ஒரு நாளில் 86,400 நொடி. ஆக, நாளொன்றுக்குச் சுமார் 1,120 டன். இதுதான் வெளியேற்ற வீதம், செய்தியில் வரும் எண் இதுதான்.

இப்போது காற்றின் வேகத்தை மட்டும் மாற்றுங்கள். அது உண்மையில் நொடிக்கு 5 மீட்டர்தான் என்றால் விடை 560 டன். ஒளியை எவ்வளவு துல்லியமாக அளந்திருந்தாலும், காற்றை இரு மடங்கு தவறாக எடுத்துக்கொண்டால் விடையும் இரு மடங்கு தவறாகிவிடும். இந்த அளவீட்டில் பல நேரங்களில் மிகப் பெரிய சந்தேகம் காற்றின் வேகம்தான், நிறமாலைமானி இல்லை. தரையில் வீசும் காற்று வேறு, திரள் மிதக்கும் உயரத்தில் வீசும் காற்று வேறு என்பதால் காற்றைக் கணினியில் கணித்துச் சொல்லும் வானிலை மாதிரிகளை நாடுகிறார்கள், அல்லது ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு கருவிகளைத் திருப்பி வைத்து, வாயுவின் ஒரு கொத்து முதல் பார்வைக் கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு வர எத்தனை நொடி ஆனது என்று பார்க்கிறார்கள். நேற்று 1,100 இன்று 900 என்று யாராவது பதறினால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், அந்த வித்தியாசம் காற்றுக் கணக்கின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடலாம்.

சுருக்கம்: காணாமல் போன ஒளி பாதைத் தொகையைத் தருகிறது. பாதைத் தொகையைக் குறுக்கே கூட்டினால் வாயு ஆற்றின் குறுக்குவெட்டு. அதைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் வெளியேற்ற வீதம்.

20 கிலோவிலிருந்து உள்ளங்கைக்கு

முதலில் வந்த கருவி காஸ்பெக், கனடாவில் 1960-களில் தொழிற்சாலைப் புகையை அளக்க உருவாக்கியது. 1970-களில் எரிமலைக்காரர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு முப்பது ஆண்டு ஓட்டினார்கள். சுமார் 20 கிலோ எடை, தூக்கிக்கொண்டு நடப்பதே பெரும்பாடு. 2000-களின் தொடக்கத்தில் கணினியோடு செருகும் உள்ளங்கை அளவு நிறமாலைமானிகள் சந்தைக்கு வந்ததும் நிலைமை தலைகீழானது. டோஆஸ் முறையை இந்தக் குட்டிக் கருவிகளில் புகுத்தி எரிமலைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு வண்டியும் வேண்டாம் என்றானது. ஓரிடத்தில் நிலையாக நிறுத்தி, தொலைநோக்கியை அடிவானத்திலிருந்து அடிவானம் வரை தானாகவே சுழலவிட்டால் பகல் முழுக்கச் சில நிமிடத்துக்கு ஒரு குறுக்குவெட்டு கிடைக்கும். 2005-ல் தொடங்கிய நோவாக் என்ற வலையமைப்பு இப்படிப்பட்ட கருவிகளைப் பல நாடுகளின் எரிமலைகளில் நிறுவியது.

புற ஊதாக் கேமரா இன்னொரு பாய்ச்சல். இரண்டு வடிகட்டிகள் வைத்துப் படம் எடுக்கும், ஒன்று 310 நானோமீட்டரை ஒட்டி, மற்றொன்று 330-ஐ ஒட்டி. முதலாவதில் சல்ஃபர் டை ஆக்சைடு இருளாகத் தெரியும், இரண்டாவதில் அநேகமாகத் தெரியாது. தூசியும் மேகமும் இரண்டிலும் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் வாயு மட்டும் மிஞ்சும். நொடிக்கு ஒரு படம் என்ற வேகத்தில் எடுக்க முடிவதால் இத்தாலியின் ஸ்ட்ராம்போலி போன்ற மலைகள் ஒவ்வொரு சிறு வெடிப்பிலும் எவ்வளவு வாயுவைத் துப்புகின்றன என்று பார்க்கலாம், படத்தில் கொத்துகள் நகர்வதை வைத்தே வேகத்தையும் கணக்கிடலாம்.

மற்ற வாயுக்கள் என்ன ஆயின?

அவற்றுக்கு அகச்சிவப்பு. இங்கே வானம் விளக்காகப் போதாது, சூடான ஒரு பொருள் பின்னால் வேண்டும். எரிமலையிலேயே அது இருக்கிறது. அண்டார்க்டிகாவின் எரிபஸ், காங்கோவின் நியிராகாங்கோ போன்ற இடங்களில் கொதிக்கும் எரிமலைக்குழம்பு ஏரியையே விளக்காக வைத்து, பள்ளத்தின் விளிம்பிலிருந்து அளந்திருக்கிறார்கள். நீராவி, கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு, சல்ஃபர் டை ஆக்சைடு என்று பல வாயுக்களை ஒரே நேரத்தில் பார்க்கலாம். இதில் கிடைக்கும் பெரிய பலன் விகிதம்: ஒரு பங்கு சல்ஃபர் டை ஆக்சைடுக்கு எத்தனை பங்கு கார்பன் டை ஆக்சைடு என்பது.

அந்த விகிதத்தைப் புற ஊதா தந்த டன் கணக்கோடு பெருக்கினால் நேரடியாகப் பிடிக்க முடியாத கார்பன் டை ஆக்சைடின் வெளியேற்ற வீதமும் கைக்கு வந்துவிடுகிறது. எரிமலைகள்தான் மனிதர்களைவிட அதிகமாக கார்பன் டை ஆக்சைடு விடுகின்றன என்று அடிக்கடி சொல்வார்கள் இல்லையா, அதைச் சோதித்துப் பார்த்தது பெருமளவு இந்த வழியில்தான். விடை அதற்கு நேர் எதிர். எல்லா எரிமலைகளும் சேர்ந்து ஓர் ஆண்டில் விடுவது, மனிதர்கள் விடும் 3,500 கோடி டன்னுக்கு மேற்பட்ட அளவோடு ஒப்பிட்டால் ஒரு விழுக்காட்டை ஒட்டியோ அதற்குக் கீழோதான் வருகிறது.

மேலிருந்து பார்த்தால்

1978-ல் நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் போன டாம்ஸ் கருவி ஓசோனை அளப்பதற்காகச் செய்யப்பட்டது. 1982-ல் மெக்சிகோவின் எல் சிச்சோன் வெடித்தபோது அதன் ஓசோன் வரைபடத்தில் நம்ப முடியாத உயர்வுகள் தெரிந்தன. ஓசோனும் சல்ஃபர் டை ஆக்சைடும் ஒரே புற ஊதாப் பகுதியில் ஒளியை விழுங்குவதால் வந்த குழப்பம் அது, அதைப் பிரித்தபோது எரிமலை மேகத்தையே விண்ணிலிருந்து எடை போடும் வழி கிடைத்துவிட்டது. இன்று 2017-ல் ஏவிய சென்டினல்-5பி செயற்கைக்கோளில் உள்ள டிரோபோமி கருவி சில கிலோமீட்டர் அளவுள்ள கட்டங்களாக உலகை நாள்தோறும் பார்க்கிறது.

வரைபடத்தின் வண்ணங்கள் நாம் பார்த்த அதே பாதைத் தொகைதான், இந்த முறை மேலிருந்து கீழாக. சிவப்பு இருக்கும் ஊரில் மக்கள் அதைச் சுவாசிக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. வாயு 10 கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருக்கலாம், கீழே ஒன்றும் தெரியாது. மேலும் செயற்கைக்கோள் சொல்வது அந்தக் கணத்தில் காற்றில் எவ்வளவு இருக்கிறது என்பது, தொட்டியில் உள்ள நீர். தரைக்கருவி சொல்வது ஒரு நாளில் எவ்வளவு வருகிறது என்பது, குழாயின் வேகம். இரண்டையும் அருகருகே வைத்து, ஒன்று பொய் சொல்கிறது என்று சண்டை போடுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். வாயு காற்றில் நிலைத்தும் இருக்காது, தாழ்ந்த உயரத்தில் சில மணி நேரத்திலோ சில நாளிலோ சல்ஃபேட் துகள்களாக மாறிவிடும், மேலே அடுக்குமண்டலத்தில் வாரக்கணக்கில் தாங்கும்.

எங்கே தவறும்

புற ஊதா முறை இரவில் வேலை செய்யாது. சாம்பல் அடர்ந்தால் ஒளி உள்ளே புகவே முடியாது. கருவிக்கும் திரளுக்கும் நடுவே உள்ள காற்று, வாயுவைத் தொடாத ஒளியையும் சிதறடித்துக் கருவிக்குள் அனுப்பும், நீரில் கரைந்த மையைப் பனிமூட்டத்தின் வழியாகப் பார்ப்பது மாதிரி. தூரம் கூடக்கூட இது கூடும், விடை உண்மையைவிடக் குறைவாக வரும். வாயு மிக அதிகமாக இருந்தாலும் இதே கதைதான். சில அலைநீளங்களில் ஒளி முழுதாகத் தீர்ந்துவிட்டால், அதற்கு மேல் இருக்கும் வாயு கணக்கில் வராது. 2018-ல் ஹவாயின் கீலவேயா நாளொன்றுக்கு ஒரு லட்சம் டன்னுக்கும் மேலாக வெளியேற்றிய நாட்களில், வாயு குறைவாக விழுங்கும் நீண்ட அலைநீளங்களுக்கு நகர்ந்துதான் அளக்க வேண்டியிருந்தது.

எண் இறங்கினால்

சரி, தொடக்கத்தில் ஆபத்தானது என்று சொன்ன தவறுக்கு வருவோம். எண் குறைவதற்கு மாக்மா ஓய்ந்தது ஒரு காரணமாக இருக்கலாம், அது மட்டுமே காரணம் இல்லை. சல்ஃபர் டை ஆக்சைடு நீரில் நன்றாகக் கரையும். வழியில் நிலத்தடி நீரோ பள்ளத்தில் ஏரியோ இருந்தால் வாயு அதிலேயே கரைந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. 2018 வெடிப்புக்குப் பிறகு கீலவேயாவின் உச்சிப் பள்ளத்தில் நீர் ஏரி ஒன்று உருவானபோது, அளவீட்டைப் படிப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்னொரு காரணம், வாயு வரும் வழி அடைபடுவது. பிலிப்பைன்ஸின் பினடுபோவில் 1991 மே 13 அன்று காஸ்பெக் காட்டியது நாளொன்றுக்கு 500 டன். மே 28-ல் அது 5,000 டன்னைத் தாண்டியது. பிறகு சரசரவென்று இறங்கி ஜூன் 5-ல் வெறும் 260 டன். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் மலை தூங்கப் போகிறது என்று தோன்றும். ஆனால் அங்கிருந்த பிலிப்பைன்ஸ், அமெரிக்க விஞ்ஞானிகள் நிலநடுக்கங்கள் பெருகுவதையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஏறிவந்த மாக்மா தன் வழியைத் தானே அடைத்துக்கொண்டு, வாயு உள்ளே தேங்கி அழுத்தம் கூடுகிறது என்று அந்த இறக்கத்தைப் படித்தார்கள். ஜூன் 7-ல் கெட்டிக் குழம்பு மேட்டாகத் தலைகாட்டியது. ஆபத்து வட்டத்தை அகலப்படுத்திக்கொண்டே போய்ப் பல்லாயிரம் பேரை அப்புறப்படுத்தினார்கள், ஜூன் 10-ல் மலைக்கு அருகே இருந்த அமெரிக்காவின் கிளார்க் விமானத் தளமும் காலியானது.

ஜூன் 15-ல் மலை வெடித்தது. காற்றில் ஏறிய சல்ஃபர் டை ஆக்சைடைச் செயற்கைக்கோள்கள் அளந்தபோது கிடைத்தது ஏறத்தாழ ஒன்றரைக் கோடி முதல் இரண்டு கோடி டன். மே 28-ல் பதறவைத்த அந்த 5,000 டன் வீதத்திலேயே விடாமல் வந்துகொண்டிருந்தால், அவ்வளவும் வெளியேற எட்டு முதல் பதினோரு ஆண்டுகள் ஆகியிருக்கும்.